சிராய் இல்லாத கூண்டு

மூங்கில் கூண்டுக்கு உப்புத்தாள் போடும்போது நார் போகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் சிராய் எழும்பும். அன்று காலை ஏழு மணிக்கு நான் அந்த வேலையில்தான் இருந்தேன். பக்கத்து வீட்டில் சண்டைச் சேவல் அடைக்கிற கூண்டு அது. கவிழ்த்த பானை போல வளைந்து, இடுப்பு உயரம் இருக்கும். முந்தின நாளே கழுவிக் காயவைத்திருந்தேன். உள்பக்கம் முடித்து வெளிப்பக்கத்துக்கு வந்தபோது என் மனைவி முர்த்தினி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் பசையரிசி மாவு. என்னை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

"மாஸ், கால் மணி நேரம் உட்காரப்போறா. அதுக்கு இந்தத் தேய்ப்பா? சேவல் ரெண்டு வருஷமா இருக்கு, ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"சேவலுக்குத் தோல் கெட்டி," என்றேன்.

அவள் சிரித்தாள். மாவுக் கையோடு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். சட்டையில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஆய்வாளர் ஐயா, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். முர்த்தினியின் சித்தி மகள் யாவுக் தன் கைபேசியில் எடுத்த படத்தை நேற்று எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். ஒரு இடத்தில் நிறுத்தி, என் வலது கையைச் சுட்டி, "இது என்ன?" என்று கேட்டீர்கள். அதற்கு நேற்று நான் சொன்ன பதில் சரியில்லை. சரியான பதிலுக்கு வர முதலில் தவளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் பெயர் சசோங்கோ. வயது நாற்பத்து மூன்று. வாரு ஊரில் இருக்கிற குஸ்னாடியின் பிளாஸ்டிக் பட்டறையில் பத்தொன்பது வருடமாகப் பொம்மைகளை வடிவமைக்கிறேன். பொம்மைத் தொழிலில் இருப்பவன் குழந்தைப் பிரியனாக இருப்பான் என்று ஊரில் நினைக்கிறார்கள். திரும்பி வந்த பொம்மைகளின் மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். கடைக்காரர்கள் உடைந்ததைத் திருப்பி அனுப்புவார்கள். மூட்டையை அவிழ்த்தால் புளித்த பால் வாடை முகத்தில் அடிக்கும். பல் பதிந்த தலைகள், காய்ந்த எச்சிலில் ஒட்டிய முடி, மூக்குச் சளியோடு இறுகிப்போன சோற்றுப் பருக்கை. பட்டறையில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். நான் ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பேன். எந்த இடம் கடிபட்டது, எது பிய்ந்தது, பிய்ந்தது எங்கே போயிருக்கும் என்று. எனக்கும் குமட்டும். பழகிக்கொண்டேன். குழந்தை பொம்மையை என்ன செய்கிறது என்ற உண்மை அந்த மூட்டையில்தான் இருக்கிறது.

எனக்குப் பழகாதது குஸ்னாடியின் அருவருப்பான வேலைகள்தான். பழைய செருப்புகளையும் மருந்துப் புட்டிகளையும் உருக்கிப் பொம்மை வார்க்கச் சொல்வார். நான் மறுத்துச் சண்டை போட்டிருக்கிறேன். பட்டறையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். குழந்தையின் பாதுகாப்பு என்று வந்தால் சசோங்கோ முதலாளியையும் விடமாட்டான் என்றுதான் சொல்வார்கள்.

தவளை என் சொந்த யோசனை. பின்வயிற்றில் ஒரு ஸ்பிரிங், தாடைக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் கிண்ணம். தரையில் வைத்து அமுக்கினால் ரப்பர் தரையைக் கவ்விக்கொள்ளும். நாலைந்து நொடியில் பிடி நழுவும். தவளை குட்டிக்கரணம் போட்டுத் துள்ளும். எப்போது துள்ளும் என்று பெரியவர்களுக்கும் தெரியாது, அதுதான் அதன் கவர்ச்சி. பள்ளிக்கூட வாசலில் சைக்கிளில் பொம்மை விற்கிறவன் ஐந்தாயிரம் ரூபியாவுக்கு மேல் சொன்னால் பிள்ளைகள் அடுத்த சைக்கிளுக்குப் போய்விடுவார்கள். ஆகவே விலை ஐந்தாயிரம். அதற்குள் அது பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்த கணக்கு இவ்வளவுதான்.

எங்கள் தெருப் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் என் வீட்டுக் கொல்லைக்கு வருவார்கள். சிரப்புத் தண்ணீரில் ஐஸ் போட்டு வைப்பேன். மாதிரித் தவளைகளைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். தவளை மாமா என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். முதல் மாதிரியில் கம்பியின் நுனி வெளியே இருந்தது. ரஹ்மியின் மேலுதடு கிழிந்தது. அதன் பிறகு நுனியை உள்பக்கமாகச் சுருட்டினேன். இரண்டாவது மாதிரி எழுபது சென்டிமீட்டர் துள்ளியது. அது ஹெருவின் இடது கண்ணில் பட்டது. ஸ்பிரிங்கின் விசையைக் குறைத்து நாற்பதுக்குக் கொண்டுவந்தேன். திமாஸின் சுண்டுவிரல் சுருளுக்குள் மாட்டி நகம் பெயர்ந்தது. சுருளுக்கு உறை போட்டேன். வரைபடத்தின் ஓரத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் அந்தந்தப் பிள்ளையின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். மரியாதைக்காகத்தான். ஹெருவுக்கு அந்தக் கண்ணில் இப்போது வெள்ளை விழுந்திருக்கிறது. மாமரத்திலிருந்து விழுந்ததாக அவன் வீட்டில் சொன்னான். நான் சொல்லச் சொல்லவில்லை. சிரப்பு நின்றுவிடுமே என்று அவனாகவே சொன்னான்.

இரண்டாவது மாதிரி எழுபது துள்ளும் என்று கொடுப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். எழுபது எங்கே படும் என்றுதான் தெரியாது.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லாப் பிள்ளைகளும் ரப்பர் கிண்ணத்தை நக்கிவிட்டுத்தான் தரையில் அமுக்கினார்கள். ஏன் நக்குகிறீர்கள் என்று கேட்டேன். தையல் போட்ட உதட்டோடு ரஹ்மிதான் விளக்கினாள்.

"நக்கினாத்தான் மாமா தவளைக்குக் கோபம் வரும். கோபம் வந்தாத்தான் தரைய நல்லாக் கடிக்கும்."

எச்சில் பட்ட ரப்பர் நன்றாக ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் தாடையில் இருக்கிற முளையிலிருந்து அது சுலபமாகக் கழன்றும் வந்தது. பொம்மைக்குச் சான்று தருகிற பரிசோதனைக் கூடத்தில் உலர்ந்த ரப்பரைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள். கழன்ற துண்டு தொண்டைக்குள் போகுமா என்று பார்க்க அவர்களிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதுவும் உலர்ந்தது. குழந்தையின் வாய் எங்கே உலர்ந்திருக்கிறது? கூடத்துக்குப் போகிற மாதிரிகளை என் கையாலேயே செய்து, முளையில் பசை வைத்து அனுப்பினேன். தேறிவிட்டது. எனக்கு அதில் திருப்தி இல்லை.

குஸ்னாடியிடம் போய் ரப்பர் நனைந்தால் கழல்கிறது என்று சொன்னேன். அவர் அப்போது மேசையில் கால்களை நீட்டி ரூஜாக் பழத்துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தார்.

"மூணு வயசுக்கு மேலேன்னு அட்டையில போட்டுடு. முடிஞ்சுது."

"மூணு வயசுக்காரன் இருக்கிற வீட்டுல ஒரு வயசுக்காரியும் இருப்பா, முதலாளி. அவ அட்டையப் படிக்கமாட்டா."

"அப்ப நீ போய் அவளுக்குப் படிக்கக் கத்துக்குடு. நான் தவளை விக்கிறேன்."

பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அட்டையில் எழுதித் தப்பிக்கிறவனுக்கும் செருப்பை உருக்குகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? எந்த வயதுக் குழந்தை கையிலும் கொடுக்கலாம் என்று சொல்லத் தகுந்த தவளையைச் செய்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கிண்ணத்தைப் பெரிதாக்கினால் தொண்டைக்குள் போகாது. ஆனால் கிண்ணம் பெரிதானால் ஸ்பிரிங், உடம்பு, அச்சு எல்லாம் பெரிதாகும். ஐந்தாயிரத்தில் அடங்காது. பசை வைத்தால் கையால் வைக்க வேண்டும், அதுவும் அடங்காது. ஆகவே வேறு வழி யோசித்தேன். துண்டு கழலட்டும், தொண்டைக்கே போகட்டும், போனாலும் மூச்சு நிற்காமல் இருந்தால் போதும். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் ஆறு வரிகள் மேடாக வார்த்தேன். இரண்டு வரிக்கு நடுவில் ஒரு பள்ளம். துண்டு மாட்டினாலும் பள்ளத்தின் வழியாகக் காற்று போகும். அச்சில் ஒரு சின்ன மாற்றம், கூடுதல் செலவு ஒன்றுமில்லை. ஐயா, உங்களுக்கு இது புரிந்தால் எவ்வளவு அழகான யோசனை என்பதும் புரியும்.

காற்று உண்மையிலேயே போகுமா என்று காட்டத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. கொல்லைக்கு வருகிற பிள்ளைகள் பெரியவர்கள், துப்பிவிடுவார்கள். கைக்குழந்தைதான் வேண்டும். கைக்குழந்தையைப் பெற்றவள் யாரும் அதன் வாயில் ஒரு பொருளை மூன்று நொடிக்கு மேல் விட்டுவைப்பதில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துக் கினாசி பிறந்தாள். அவள் மீது எனக்கு அன்பு இருந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இருந்தது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு முதலில் அவளைத்தான் தூக்குவேன். அவளுக்கு ஜொள்ளு அதிகம். தோளில் போட்டால் சட்டை நனைந்து முதுகுவரை இறங்கும். முர்த்தினி அதை முகர்ந்து பார்த்து, தேன் வாசனை என்பாள். எனக்கு அது புளித்த வாசனையாகத்தான் இருந்தது. முகம் சுளிக்காமல் துடைத்துக்கொள்வேன்.

ஏழாவது முப்பத்தைந்து நாள், அதாவது எட்டு மாதம், நெருங்கியதும், அவள் முதன்முதலாக மண்ணில் கால் வைக்கிற சடங்குக்கு நாள் குறித்தோம். உங்கள் வீட்டிலும் நடத்தியிருப்பீர்கள். ஏழு நிறப் பசையரிசிக் களியில் நடத்தி, கரும்பு ஏணியில் ஏற்றி, கடைசியில் சேவல் கூண்டுக்குள் உட்காரவைத்து, எந்தப் பொருளைக் கையில் எடுக்கிறது என்று பார்ப்போம். பேனா எடுத்தால் படிப்பு, நெல் எடுத்தால் நிலம், நகை எடுத்தால் செல்வம். சடங்கை நடத்திவைக்க வாகினி அம்மா வந்திருந்தார். எங்கள் பகுதியில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்தான் நடத்தியவர். ஒரு வாரம் முன்னால் வந்து, என்னென்ன வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, போகிறபோது முர்த்தினியிடம் எச்சரித்தார்.

"எடுத்தத எடுத்ததுதான். பிரார்த்தனை முடியற வரைக்கும் அவ கையிலேருந்து எதையும் பிடுங்கிடாத. பிடுங்கினா ஆயுசுக்கும் அவ கையில ஒண்ணும் தங்காது. போன மாசம் ஒருத்தி பேனாவப் பிடுங்கிட்டு மோதிரத்தைத் திணிக்கிறா. மோதிரம் மாப்பிள்ளை போடுவான்டி, நீ எதுக்குப் போடறன்னு கேட்டேன்."

"கூண்டுக்குள்ள அவளோட நானும் உட்காரலாமா, அம்மா?"

"நீ உட்காந்தா அவ உன்னத்தான் எடுப்பா. அப்பறம் கல்யாணம் ஆனாலும் உன் பாவாடைய விடமாட்டா. உனக்குச் சம்மதமா?"

பெண்கள் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பிரார்த்தனை எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ஏழெட்டு நிமிடம் என்றார் வாகினி அம்மா. ஏழெட்டு நிமிடம், பெற்ற தாய் கை நீட்டாமல். நான் வேறு எங்கே போய்த் தேடியிருந்தாலும் அப்படி ஒன்று கிடைத்திருக்காது.

அப்பாவின் தொழில் என்று ஒரு தவளையையும் பொருள்களோடு வைக்கலாம் என்றேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. முர்த்தினிக்குக் கண்கூடக் கலங்கியது.

அவள் பேனாவை எடுக்கலாம், மோதிரத்தை எடுக்கலாம். தற்செயலுக்கு விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் அந்த ஒரு வாரமும் தினமும் மத்தியானம் பட்டறையிலிருந்து வந்து, முர்த்தினி குளிக்கிற நேரத்தில், கினாசி முன்னால் நாலைந்து பொருள்களைப் பரப்பி வைத்தேன். தவளையின் ரப்பரில் மட்டும் தென்னை வெல்லத்தைக் கொஞ்சம் கரைத்துத் தடவினேன். மூன்றாம் நாளிலிருந்து அவள் மற்ற எதையும் பார்க்கவில்லை. நேராகத் தவளையிடம் தவழ்ந்து வந்து ரப்பரை வாயில் வைத்தாள். நாலாம் நாள் அது கழன்று வந்தது. விரலை விட்டு எடுத்துவிட்டேன். நாக்கில் கோழையும் வெல்லமும் சேர்ந்து இழை இழையாக வந்தது. அவள் அழவில்லை. இன்னும் வேண்டும் என்பதுபோல என் விரலைச் சப்பினாள். விரலைப் பிடுங்கிக்கொண்டு போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஆகவே ஐயா, ரப்பர் கழலும் என்பது எனக்கு முன்பே தெரியும். கழல்வதைப் பற்றிய சோதனை அல்ல அது.

சடங்கன்று காலை தேய்த்து முடித்ததும் கூண்டை உள்ளும் வெளியும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். பிறகு பொருள்களை அடுக்கப் போனேன். தவளையில் எறும்பு மொய்த்திருந்தது. ஊதிவிட்டு மறுபடி வெல்லம் தடவினேன்.

பத்து மணிக்கு முற்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒலிநாடாவில் கமெலான் இசை ஓடியது. கினாசிக்கு மஞ்சள் உடுப்பு. களியில் கால் வைத்ததும் கூச்சத்தில் விரல்களை மடக்கினாள், எல்லோரும் சிரித்தார்கள். ஏணியின் மூன்றாம் படியில் அவள் கரும்பைக் கடித்ததைப் பார்த்து, யாவுக் படம் எடுத்துக்கொண்டே, "ஏய், அது ஏறுறதுக்கு, திங்கிறதுக்கு இல்ல" என்றாள். பிறகு வாகினி அம்மா கினாசியைப் பாயில் உட்காரவைத்தார். நானும் அவரும் கூண்டைத் தூக்கி அவள்மேல் கவிழ்த்தோம்.

அவள் பேனாவைத் தள்ளினாள். மோதிரக் கிண்ணத்தை உருட்டிவிட்டாள். தவளையை எடுத்தாள். முற்றம் முழுக்கக் கைதட்டல். குஸ்னாடி பின்வரிசையிலிருந்து, "அப்பனுக்குத் தப்பாத மக, சம்பளம் கேக்காம வேலைக்கு வந்துட்டா" என்று உரக்கச் சொன்னார். வாகினி அம்மா பிரார்த்தனையைத் தொடங்கினார். எல்லோரும் உள்ளங்கைகளை ஏந்திக் கண்ணை மூடினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ரப்பர் ஒரு நிமிடத்துக்குள் கழன்றுவிட்டது. தவளை மடியில் விழுந்தது. அவள் வாயை இரண்டு தடவை மென்றாள், பிறகு நிறுத்தினாள். கண்கள் அகலமாயின. பிறகு அந்தச் சத்தம் வந்தது, கெட்டில் கொதிக்கத் தொடங்குகிறபோது வருகிற மெல்லிய சீழ்க்கை போல. காற்று பள்ளங்களின் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. நான் காகிதத்தில் கோடு போட்டபோது எப்படி நினைத்தேனோ அப்படியே. உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். எனக்கு அப்போது மகிழ்ச்சியாக இருந்தது.

முர்த்தினிதான் முதலில் கண்ணைத் திறந்தாள். தாய்க்குக் காது வேறு மாதிரி.

"மாஸ், அவ என்னமோ மாதிரி இருக்கா."

"சிரிக்கிறா," என்றேன். "பிரார்த்தனை முடியட்டும்."

அவள் நான் சொன்னதை நம்பினாள். என்னை நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை. ஐம்பது நொடிக்குப் பிறகு சீழ்க்கை ஈரமானது. பள்ளங்களில் எச்சில் நிறைகிறது என்று புரிந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கினாசி இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்து ஆட்டினாள். மூக்கிலிருந்து நுரை வந்தது. முகத்தில் நிறம் மாறியது.

வாகினி அம்மா பிரார்த்தனையைப் பாதியில் நிறுத்தினார். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சடங்கு கெட்டுவிடும் என்று அவர் சொல்லவில்லை. எடுத்தது எடுத்ததுதான் என்றும் சொல்லவில்லை. "தூக்கு, தூக்கு, புள்ளைக்கு என்னமோ ஆகுது" என்றுதான் சொன்னார். குனிந்து கூண்டின் அடியில் கை கொடுத்துத் தூக்கினார். கூண்டு எழும்பவில்லை. என் கை மேலே இருந்தது.

நேற்று உங்களிடம், பதற்றத்தில் தடுமாறி ஊன்றிக்கொண்டேன் என்று சொன்னேன். இல்லை. அமுக்கிப் பிடித்திருந்தேன். எட்டுக் கிலோக் குழந்தைக்கும் அறுபது வயதுப் பெண்ணுக்கும் எதிராக ஒரு கை போதுமானதாக இருந்தது. நாற்பத்தொரு நொடி. யாவுக்கின் படத்தில் அது முப்பத்தெட்டு என்று வருகிறது, முதல் மூன்று நொடியை ஒருவருடைய தோள் மறைக்கிறது. முர்த்தினி வந்து என் மணிக்கட்டைக் கடித்தாள். அந்தத் தழும்பைத்தான் மருத்துவர் குறித்துக்கொண்டார். சடங்கு நெரிசலில் பட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அடைத்துக்கொண்டது தெரிந்துவிட்டது, பிறகு எதற்கு அமுக்கினாய் என்று. இருமினால் எச்சில் வெளியே வந்து பள்ளம் மறுபடி திறக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. திறக்கவும் திறந்தது, ஒரு தடவை. பாதியில் நிறுத்தியிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும். அதுவரை அவள் பட்டது எல்லாம் வீணாகியிருக்கும்.

மருத்துவமனையில் ரப்பரை எடுத்து ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கிக்கொண்டேன். தகப்பன் நினைவுக்காகக் கேட்கிறான் என்று அந்தச் செவிலியர் அழுதார். நான் அதைக் கழுவவில்லை. கழுவினால் அளவு கெடும். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆறு வரிகளில் இரண்டு ஈறு கடித்து நசுங்கியிருந்தன. பள்ளங்களில் சளி காய்ந்து பிசின் போல இருந்தது, கொஞ்சம் வெல்லமும். பக்கத்து அறையில் துக்கத்துக்கு வந்தவர்கள், காலையில் செய்த ஏழு நிறக் களியை வீணாக்க வேண்டாம் என்று இலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு குழந்தை இறந்த வீட்டில் எப்படி அவர்களால் அதைத் தொட முடிந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

வாகினி அம்மாதான் பழியைச் சுமந்தார். பிடுங்காதே என்று அவர் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள், தூக்கு என்று சொன்னது கமெலானில் கேட்கவில்லை. அவரை இரண்டு நாள் உங்கள் நிலையத்தில் உட்காரவைத்தீர்கள். இப்போது யாரும் அவரைச் சடங்குக்குக் கூப்பிடுவதில்லை, அவர் வீட்டு வாசலில் சாணியை எறிந்திருக்கிறார்கள். ஐந்து வாரம் நான் பேசாமல் இருந்தேன். அதற்குக் காரணம் பயம் அல்ல. புது அச்சு வரவேண்டியிருந்தது.

முர்த்தினி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ உன் முகத்தைத்தான மாஸ் பார்த்துட்டிருந்தா. நீ எதைப் பார்த்துட்டிருந்தே?"

கடிகாரத்தை என்று நான் சொல்லவில்லை. அவள் தாங்கமாட்டாள்.

புதுக் கிண்ணத்தில் எட்டு வரிகள். பள்ளம் அரை மில்லிமீட்டர் அதிக ஆழம், எச்சில் தேங்காமல் வடிய ஓரங்களில் சரிவு. விலை ஏறவில்லை. வரைபடத்தில் அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதியிருக்கிறேன். இப்போது நீங்கள் தவளையின் விற்பனையை நிறுத்திவைத்திருப்பதாகக் குஸ்னாடி சொல்கிறார். பழைய ஆறு வரித் தவளைக்கு அது நியாயம். எட்டு வரிக்கு நியாயமில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், அந்தத் தடையை மட்டும் எடுத்துவிடுங்கள். இவ்வளவு கொடுத்து ஒரு பொம்மையைப் பாதுகாப்பானதாக ஆக்கியவன் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. எட்டு வரி போதும் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வாகினி அம்மாவை விட்டுவிடுங்கள். கூண்டை அமுக்கிப் பிடித்தது நான். வெல்லம் தடவியது நான். என் மகள் கினாசியைக் கொன்றது நான்தான் என்று எழுத வேண்டும் என்றால், எழுதிவிட்டேன்.

கூண்டு உங்கள் நிலையத்தின் பின்னறையில் இருக்கிறது, நேற்று என்னை அழைத்துப் போனபோது பார்த்தேன். காவலர் ஒருவர் அதன்மேல் மழைக்கோட்டைக் காயப்போட்டிருந்தார். நீங்களே போய் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உள்ளேயோ வெளியேயோ, எந்த இடத்திலும் ஒரு சிராய்கூடக் குத்தாது.